கை கால் வந்திட்டுது, இடப்பக்கம் வரேல்ல

என்னைக் காணுற ஆக்கள் இப்ப முதல் கேக்கிறது "சுகமோ" எண்டு இல்லை, "கார் ஓடுறியளோ" எண்டுதான். வெள்ளவத்தையில ஒரு ஆம்பிளை சுகமாயிட்டான் எண்டதுக்கு அதுதான் அத்தாட்சி போல. நடக்கிறன், கதைக்கிறன், மார்க்கட்டில மீனுக்கு விலை பேசுறன், அதெல்லாம் கணக்கில வராது, கார்த் திறப்பு கையில இருக்கோணும்.

ஓடுறன். ஆனா எங்க ஓடுறன், எத்தினை மணிக்கு, எதால போறேல்ல எண்டு சொல்ல வெளிக்கிட்டா கேட்டவர் அரைவாசியில போனை எடுத்து நோண்டத் தொடங்கிடுவார், அதால இஞ்ச எழுதுறன். என்னை மாதிரி ஸ்ட்ரோக்கில இருந்து எழும்பி வீட்டில திறப்புக்கு அடிபடுற ஆரும் வாசிச்சா பிரயோசனப்படும்.

எனக்கு வந்தது பிரஷரால வந்த ரத்தக்கசிவு. ஸ்ட்ரோக் எண்டா எங்கட சனம் நினைக்கிறது ரத்தக்குழாய் அடைக்கிறதை, கனபேருக்கு நடக்கிறதும் அதுதான். எனக்கு மற்றது, குழாய் வெடிக்கிறது. மூளைக்கு ஆழத்தில போற சின்னச் சின்னக் குழாயள் இருக்கு, வருசக்கணக்கா பிரஷர் கூடிக் கிடந்தா அதுகளின்ர சுவர் பழுதாகும், பிறகு ஒரு நாள் தாங்காது. சிடி ஸ்கானில புது ரத்தம் வெள்ளையாத் தெரியும், டொக்டர் ஸ்கிரீனில பேனையால தொட்டுக் காட்டினவர், வலப்பக்க மூளைக்குள்ள ஒரு வெள்ளைக் கட்டி. வலப்பக்க மூளைதான் உடம்பின்ர இடப்பக்கத்தைக் கொண்டு நடத்துறது, அதால இடக்கையும் இடக்காலும் விழுந்திட்டுது. ஆஸ்பத்திரிக் கதையை விடுவம், எல்லாற்ற ஆஸ்பத்திரிக் கதையும் ஒண்டுதான். ரத்தம் மெல்ல மெல்லக் கரைஞ்சு போச்சு, பிசியோ பிள்ளை என்னைப் போட்டு வதைச்சு எடுத்தவ, கால் வந்தது, பிறகு கை வந்தது, சேர்ட் பட்டன் நானே பூட்டத் தொடங்கினன். வீட்டில எல்லாரும் அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சினம்.

வேற என்னவோ இருக்கு எண்டு முதல் கண்டுபிடிச்சது மனிசி. ஒரு நாள் இரவு பிட்டும் கத்தரிக்காய்க் கறியும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தனான், தட்டின்ர வலப்பக்கம் எல்லாம் வழிச்சுத் துடைச்சாச்சு, "ஏன் இண்டைக்கு சம்பல் இடிக்கேல்லையோ" எண்டு கேட்டன். அவ ஒண்டும் கதைக்காம வந்து தட்டை அரைச்சுத்துச் சுத்தி விட்டவ. சம்பல் அங்கதான் இருந்தது, பக்கத்தில பாதிப் பிட்டும்.

வீரகேசரி வாசிக்கேக்கயும் அதே கதைதான். தலைப்பில முதல் சொல்லு ரெண்டு விடுபட்டுப் போகும், மூளை மிச்சத்தை வைச்சு ஏதோ ஒரு அர்த்தத்தைத் தானே கட்டிடும், எனக்கு ஒரு குறையும் தெரியாது. இந்த வருத்தத்தின்ர குணமே அதுதான். கண் தெரியாட்டி தெரியேல்ல எண்டு தெரியும், தலையைத் திருப்பிப் பாப்பம். இது தெரியேல்ல எண்டே தெரியாது. இடப்பக்கம் எண்டு ஒண்டு இருக்கிறதே யோசனையில வராது, வராததை ஆர் தேடுறது?

டொக்டர் எனக்கு முன்னால ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, தன்ர மூக்கைப் பாக்கச் சொல்லிப்போட்டு, ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டினவர். வலப்பக்க விரலை ஆட்டினார், சொன்னன். இடப்பக்க விரலை ஆட்டினார், அதையும் சரியாச் சொன்னன். பிறகு ஒரு ஆட்டு, "வலது" எண்டன். மனிசி பக்கத்தில இருந்து "ரெண்டையும் ஆட்டினவர்" எண்டவ. நான் நம்பேல்ல. திரும்பவும் ஆட்டினார், திரும்பவும் எனக்கு வலது மட்டுந்தான். தனியா வந்தா இடப்பக்கம் தெரியுது, வலப்பக்கத்திலயும் ஏதும் சேர்ந்து வந்தா இடப்பக்கம் இல்லாமப் போகுது. ஒரே ஒரு ஆள் நிக்கிற கடை மாதிரி, வலப்பக்கத்தில நிண்டு சத்தமாக் கேக்கிறவருக்குத்தான் சாமான், இடப்பக்கத்தில நிக்கிறவரைக் கடைக்காரன் நிமிர்ந்தும் பாக்கான்.

இதுக்குப் பிறகு கண் டொக்டரிட்டயும் அனுப்பினவை. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள்ள முகத்தை வைச்சு, நடுவில இருக்கிற புள்ளியையே பாத்துக்கொண்டு, அங்க இஞ்ச வெளிச்சம் மினுங்கேக்க பட்டனை அமத்திற சோதனை. ரிப்போட் திறமா வந்தது. வீட்டில பெரிய சந்தோசம், தம்பி வட்ஸப் குரூப்பில போட்டும் விட்டான், ஆக்கள் கும்பிடுற கை எல்லாம் போட்டவை. நியூரோ டொக்டர் ரிப்போட்டைப் பாத்திட்டு, "கண் நல்லா இருக்கு, பார்வை வட்டமும் முழுசா இருக்கு, சந்தோசம். ஆனா இந்த மெசின் ஒரு நேரத்தில ஒரு வெளிச்சந்தான் காட்டும்" எண்டார்.

கார் ஓடுற முழுக்கதையும் எனக்கு அந்த ஒரு வசனத்திலதான் விளங்கினது. கொழும்பில இருந்து காலிக்குப் போற காலி வீதியில எது ஒண்டொண்டா வருது?

காலி வீதியில ஓடினவைக்கு விளக்கத் தேவையில்லை, இருந்தாலும் ஒருக்கா எங்கட சந்தியை நினைச்சுப் பாருங்கோ. சாரதி இருக்கிறது வலப்பக்கம், அப்ப இடப்பக்கம் காரின்ர தூரக் கரை. அந்தக் கரையிலதான் எல்லாச் சேட்டையும். பஸ் ஹோல்ட்டுக்கு வெட்டுற பஸ், அந்த பஸ் நிக்க முந்திக் குதிக்கிற பெடியள், காருக்கும் கல்லுக்கும் இடையில இருக்கிற முழ இடத்தால வாற மோட்டச்சைக்கிள், ஹசார்ட் லைட்டைப் போட்டிட்டு நடு லேனில நிண்டு தேங்காய் ஏத்துற லொறி, ஒழுங்கைக்குள்ள இருந்து மூக்கை நீட்டுற ஓட்டோ. இடப்பக்கத்தால முந்தக் கூடாது எண்டு புத்தகத்தில இருக்கும், கொழும்பில இடப்பக்கத்தாலதான் முந்துறதே. அதே நேரம் வலப்பக்கத்தில 155 பஸ் ஒண்டு ஹோண் அடிச்சுக்கொண்டு உரசிக்கொண்டு வருது. என்ர மூளை ஆரைப் பாக்கும்? பஸ்ஸை.

அதால சொந்தக்காரர் எல்லாரும் தந்த புத்திமதி எனக்குச் சரிவரேல்ல. "விடியவெள்ளன ஞாயிற்றுக்கிழமை மரைன் டிரைவில ஒருக்கா ஓடிப் பாரும், ஏலுமெண்டா ஏலும்" எண்டு சித்தப்பா சொன்னவர், மச்சான் சொன்னவர், கீழ்மாடி அங்கிளும் சொன்னவர். வெறும் ரோட்டில கார் ஓடேக்க பாக்கிறது கையும் காலும் வேலை செய்யுதோ எண்டதை மட்டுந்தான். அந்தக் கிண்ணத்து மெசினும் வெறும் ரோட்டும் ஒண்டுதான், ரெண்டும் ஒண்டொண்டாத்தான் காட்டும். ரெண்டிலயும் நான் பாஸ்.

லண்டனில இருக்கிற மச்சான் வேற ஒரு கதை கொண்டு வந்தவர், "அங்க ஒரு மாசம் கழிய ஓடலாம்" எண்டு. அதையும் தேடிப் பாத்தன். ஸ்ட்ரோக் வந்தா குறைஞ்சது 1 மாசம் காரைத் தொடக்கூடாது எண்டதுதான் அங்கத்தைய விதி, அதுக்குப் பிறகும் பார்வையில, யோசனையில, கை காலில குறை மிச்சமிருந்தா லைசென்ஸ் குடுக்கிற டிவிஎல்ஏக்கு அறிவிக்கோணும். பஸ், லொறி ஓடுறவைக்கு ஒரு வருசம். பார்வை வட்டம் படுக்கைவாட்டில 120 டிகிரியாவது இருக்கோணும். மூளையில ரத்தம் கசிஞ்சவைக்கு வலிப்பும் வரக்கூடும், வந்தா அது வேற கணக்கு, மாசக்கணக்கில வலிப்பில்லாம இருந்து காட்டோணும். மச்சானுக்கு இதில 1 மாசம் எண்டது மட்டுந்தான் காதில விழுந்திருக்கு, "குறைஞ்சது" எண்டது விழேல்ல.

இஞ்ச என்ர லைசென்ஸ் காட்டில இன்னும் வருசம் கிடந்தது. லைட் வெஹிக்கிள் எண்டா 8 வருசத்துக்கு ஒருக்காத்தான் புதுப்பிக்கிறது, அப்பதான் திரும்ப மெடிக்கல் எடுக்கப் போறது. நடுவில என்ர மண்டைக்குள்ள நடந்தது அந்தப் பிளாஸ்டிக் காட்டுக்கு எப்பிடித் தெரியும்? அதால நானாத்தான் போய்க் கேட்டனான், டொக்டரிட்ட நேராக் கேட்டனான், "ஓடலாமோ" எண்டு இல்லை, "ஓடலாமோ இல்லையோ எண்டு எப்பிடிச் சோதிக்கிறது" எண்டு. முதல் கேள்விக்கு மனுசர் "ஆறுதலா ஓடுங்கோ" எண்டு சொல்லி அனுப்பிடுவினம். ரெண்டாவது கேள்விக்குத்தான் ஒக்கியுபேஷனல் தெரபிஸ்டிட்ட, அதாவது அன்றாட வேலையளைத் திரும்பச் செய்யப் பழக்கிறவவிட்ட, கடிதம் தந்தவர்.

அந்தப் பிள்ளை தந்த சோதனையள் பாக்கச் சின்னப்பிள்ளை விளையாட்டு. ஒரு தாள் முழுக்கப் பெரிய நட்சத்திரமும் சின்ன நட்சத்திரமும் எழுத்துகளும் கலந்து கிடக்கும், சின்ன நட்சத்திரத்தை மட்டும் வெட்டோணும். ஒரு கோடு கீறியிருக்கும், நடுவைக் குறிக்கோணும், என்ர நடு எப்பவும் வலப்பக்கம் தள்ளித்தான் விழுந்தது. பிறகு எண்ணையும் எழுத்தையும் மாறி மாறித் தொடுக்கிறது. என்ர மூளை தமிழில ஓடுற மூளை எண்டு சொன்னன், அவ பேனையால ஒரு தாளில 1, அ, 2, ஆ, 3, இ எண்டு சிதறலா எழுதித் தந்தவ. 5 மட்டும் கெதியாப் போனன். பிறகு உ-வைத் தேடுறன், தேடுறன், தாளில இல்லை எண்டு சத்தியம் பண்ணுவன். இடப்பக்கக் கீழ் மூலையில இருந்தது. கார் ஓடுறதும் இதுதான் எண்டவ அவ, ஒண்டில இருந்து மற்றதுக்குத் தாவித் திரும்பி வாறது, தாவுற நேரத்தில முந்தினதை மறக்காம இருக்கிறது.

பயிற்சி எண்டு அவ தந்ததில ரெண்டுதான் எனக்கு வேலை செய்தது. ஒண்டு, பேப்பரின்ர இடக்கரையில சிவப்புப் பேனையால மேல இருந்து கீழ மட்டும் ஒரு கோடு, ஒவ்வொரு வரிக்கும் அந்தச் சிவப்பைக் கண்ட பிறகுதான் வாசிக்கத் தொடங்கலாம், சிவப்பு தெரியேல்ல எண்டா நான் இன்னும் தொடக்கத்துக்கு வரேல்ல. மற்றது, மனிசி கார் ஓட நான் பக்கத்து சீட்டில இருந்துகொண்டு இடப்பக்கம் வாறதெல்லாத்தையும் வாயால சொல்லுறது. எங்கட நாட்டில பக்கத்து சீட் இடப்பக்கம், நல்ல வசதி. "ஓட்டோ, சைக்கிள், பஸ் ஹோல்ட், ஆள், ஆள், நாய், ஒழுங்கை, மஞ்சள் கோடு" எண்டு ஹம்டன் லேனில இருந்து தெஹிவளை மட்டும் ஏலம் போட்டுக்கொண்டு போவன். மனிசிக்கு விசர் வரும். "இஞ்சேருங்கோ, அந்த நாயைத் தவிர மிச்சமெல்லாம் எனக்கும் தெரியுது" எண்டுவ. நான் விட்டதை மட்டும் அவ சொல்லோணும் எண்டது ஒப்பந்தம். முதல் கிழமையளில அவதான் கூடச் சொன்னவ.

மனிசி பற்றி ஒண்டு சொல்லோணும். லைசென்ஸ் எடுத்து அலுமாரிக்குள்ள வைச்சிருந்த மனுசி, நான் விழுந்த பிறகுதான் காரை எடுத்தவ. இப்ப பம்பலப்பிட்டிச் சந்தியில அவ லேன் மாத்துற வடிவைப் பாத்தா நான் இவ்வளவு காலமும் எதுக்குச் சாரதி எண்டு பீத்தினனான் எண்டு இருக்கும். வீட்டுக்கு வீடு பெண்டுகளின்ர லைசென்ஸ் அலுமாரிக்குள்ளதான் கிடக்கு, வருத்தம் வந்தாத்தான் வெளியில வருது.

பிறகு ஓட்டம். எங்கட காரில இல்லை. தெஹிவளைப் பக்கம் லேணர்ஸ் குடுக்கிற ஒரு பெடியன், அவன்ர காரில இடப்பக்கத்து சீட்டிலயும் பிரேக் இருக்கு. தலை நரைச்ச ஆள் எல் போட் பூட்டின காருக்குள்ள ஏறுறதை ஒழுங்கைச் சனம் முழுக்கப் பாத்தது, ஆரோ வீட்டில வந்து "இவ்வளவு நாளும் லைசென்ஸ் இல்லாமலோ ஓடினவர்" எண்டும் கேட்டிருக்கினம். கேக்கட்டும்.

மரைன் டிரைவில தொடங்கினம். அதில எனக்கு ஒரு விசயம் பிடிபட்டது, கொழும்பு ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். வெள்ளவத்தையில இருந்து கொள்ளுப்பிட்டிப் பக்கம் போகேக்க இடப்பக்கம் ரயில் பாதையும் கடலும். ஒழுங்கை ஒண்டும் வராது, நடக்கிற ஆக்களும் நிப்பாட்டி வைச்ச வாகனமுந்தான். சொகுசாப் போனன், எனக்கு ஒண்டுமில்லை எண்டு நினைச்சுக்கொண்டு போனன். திரும்பி வரேக்க அதே ரோட், ஆனா இப்ப இடப்பக்கத்தில காலி வீதியில இருந்து இறங்குற ஒழுங்கை ஒவ்வொண்டும் வாய் திறந்து நிக்குது. போகேக்க ஒருக்காலும் தொடாத பிரேக்கைப் பெடியன் வரேக்க தொட்டான். சித்தப்பா சொன்னபடி தனியா ஓடிப் பாத்திருந்தா நான் போன பக்கத்தை மட்டும் வைச்சு பாஸ் எண்டு முடிவெடுத்திருப்பன்.

காலி வீதிக்கு அவன் கனகாலம் விடேல்ல. விட்ட அண்டைக்கு, வெள்ளவத்தை மார்க்கட்டுக்குக் கிட்ட, வலப்பக்கம் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு வந்தது, கார் தானா மெதுவாகி நிண்டது, இடப்பக்கத்தால ஒரு டெலிவரி பைக் முன்னுக்கு வெட்டிப் போனது. "நல்லா நிப்பாட்டினீங்க அங்கிள்" எண்டு சொல்லுவான் எண்டு பாத்தன். "அங்கிள், பிரேக் புடிச்சது நான்" எண்டான். கோபமுமில்லை, பகிடியுமில்லை, சும்மா தகவல் சொல்லுற மாதிரி. "பைக்க கண்டீங்களா?" பெட்டியைத்தான் கண்டனான், அதுவும் அது முன்னுக்குப் போன பிறகு. அண்டையோட திரும்ப ஏலம் போடுற பயிற்சிக்குப் போனம், இந்த முறை நானே ஓடிக்கொண்டு, சத்தமா. பெடியன் பாவம், என்ர சத்தத்தையும் கேட்டு காலையும் பிரேக்கில வைச்சுக்கொண்டு மாசக்கணக்கா இருந்தவன். பிரேக்கை அவன் தொடுறது குறைஞ்சு குறைஞ்சு கடைசியில கால் கீழ இறங்கினது. தெரபிஸ்டும் ஒருக்கா பின் சீட்டில இருந்து பாத்தவ. அதுக்குப் பிறகுதான் டொக்டர் கடிதம் எழுதித் தந்தவர், அதில ஒரு கொப்பியை இன்சூரன்ஸுக்கும் குடுத்து பைலில போடச் சொன்னனான்.

இப்ப எங்கட காரில ஒரு சில ஏற்பாடு. பஞ்சிகாவத்தையில வாங்கின வட்டமான சின்னக் கண்ணாடி ஒண்டு இடப்பக்க சைட் மிரருக்கு மேல ஒட்டியிருக்கு. ஆனா கண்ணாடி எத்தினை பூட்டினாலும் நான் அங்கால பாத்தாத்தானே, அதால முன் கண்ணாடிக்கு இடப்பக்கத் தூணில சிவப்பு ரிப்பன் ஒண்டு கட்டியிருக்கு, பேப்பர் கோட்டின்ர வேலைதான் அதுக்கும். கோயில் நூலோ எண்டு கேக்கிறவைக்கு ஓம் எண்டு சொல்லுறன், விளக்கம் குடுக்கிறதிலும் பாக்க அது லேசு. ரேடியோ இல்லை. போன் பின் சீட்டில. ஓடேக்க என்னோட ஆரும் கதைக்கக் கூடாது, வாக்குவாதம் எண்டா காரை ஓரம் கட்டிப்போட்டுத்தான்.

களைப்பைப் பற்றி ஆரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லேல்ல, அதால நான் சொல்லுறன். இது வேலை செய்த களைப்பு இல்லை. முந்தி தானா நடந்த வேலையை, அதாவது இடப்பக்கம் பாக்கிறதை, இப்ப நான் யோசிச்சு யோசிச்சுச் செய்யிறன், அதுக்கு ஒரு அளவு இருக்கு. பின்னேரம் ஆகேக்க அந்த அளவு முடிஞ்சிடும், முடிஞ்ச உடனை முதல் போறது இடப்பக்கந்தான், அதுவும் சொல்லாமக் கொள்ளாமப் போகும். எனக்கு அடையாளம் தெரிஞ்சிட்டுது, வீட்டுக் கதவு நிலையில இடத்தோள் இடிபட்டா அண்டைக்குக் கார் இல்லை. பிரஷர்க் குளிசை மாத்தின கிழமையும் இல்லை, குளிசை உடம்புக்குப் பழகும் மட்டும் தலை ஒரு மாதிரித்தான் இருக்கும். வலிப்புக் குளிசை எடுக்கிற ஆக்களுக்கு நித்திரைத் தூக்கமும் வாறது, அதை டொக்டரிட்டக் கேக்காம ஸ்டியரிங்கைத் தொடாதேங்கோ. பிரஷர் நான் வீட்டில காலமை காலமை பாத்துக் கொப்பியில எழுதுறன், மேல் எண்ணை 130க்குக் கீழ வைச்சிரு எண்டது எனக்குத் தந்த கட்டளை, ஏனெண்டா ஒருக்கா வெடிச்சவனுக்குத் திரும்ப வெடிக்காமப் பாக்கிறதில பிரஷர்தான் பெரிய காரியம். மாசிச் சம்பலும் கருவாடும் குறைஞ்சிட்டுது. அதில எனக்குக் கவலைதான்.

மழை இரவு ஓடேல்ல. ரோட் முழுக்க வெளிச்சம் ரெண்டு ரெண்டாத் தெறிக்கேக்க என்ர கடைக்காரன் கடையைப் பூட்டிடுவான். புறக்கோட்டைப் பக்கம் போறேல்ல, மல்வத்த வீதியில கை வண்டிலுக்கும் மூட்டை சுமக்கிற நாட்டாமைக்கும் இடையில ஓட எனக்கு ரெண்டு மூளை வேணும், அதுக்கு போனில கூப்பிடுற பிக்மீ வாடகை வாகனம் இருக்கு. காலமை பேரனை ஸ்கூலில விடுறது, கொட்டாஞ்சேனையில அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை போறது, மார்க்கட், ஆஸ்பத்திரி கிளினிக், இவ்வளவுந்தான் என்ர எல்லை. பேரன் பின்னால இருந்துகொண்டு இப்ப தானும் ஏலம் போடுறான், "அப்பப்பா லெஃப்டில ஓட்டோ" எண்டு, சிலவேளை இல்லாத ஓட்டோவையும் சொல்லுறான், கள்ளன்.

யாழ்ப்பாணம் ஓடுற கதையை இந்தப் புது வருசத்துக்கும் சித்தப்பா எடுத்தவர், முந்தி நான் இரவிரவாப் புத்தளம் பக்கத்தால ஓடி விடியக் கொடிகாமத்தில தேத்தண்ணி குடிக்கிற ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். பாதிவழியில மனிசி ஓடட்டும், பாதிவழி நீர் ஓடும் எண்டு திட்டம் போட்டுத் தந்தவர். மனிசி அவருக்கு மறுமொழி சொல்லாமப் போனை எடுத்து ரயில் சீட் புக் பண்ணினவ, எனக்கு ஜன்னல் சீட்டாம், அதுவும் இடப்பக்கத்து ஜன்னல். வழி நெடுக ஏலம் போட்டுக்கொண்டு வரட்டாம்.